செம்மண் ஓட்டில் டர்க்காய்ஸ் கிளேஸ்: எட்டு முனை நட்சத்திரச் சுவர் பற்றிய இழை

நீலக்கல் | ஜனவரி 6

ஹால் சுவரில் 240 × 120 செ.மீ. அளவில் ஓடு பதிக்க எண்ணம். எட்டு முனை நட்சத்திரமும் சிலுவையும் மாறி மாறி வரும் பழைய கோலம். நட்சத்திரம் டர்க்காய்ஸ் செராமிக், சிலுவை கண்ணாடி. திட்டம் எளிது: செம்மண் பிஸ்க் ஓடு (ஒருமுறை சுட்ட, பூச்சில்லாத ஓடு) வாங்கி, மேலே டர்க்காய்ஸ் கிளேஸ் (சூளையில் கண்ணாடியாக உருகிப் படியும் பூச்சு) பூசி, 1000 டிகிரியில் சுட்டால் துருக்கியின் இஸ்னிக் ஓடு வந்துவிடும். சுவரில் ஏற்கெனவே ஜிப்சம் பூச்சு இருக்கிறது, அதன்மேல் நேராக டைல் பசை. இதில் தவறு எங்கே?

சூளைக்காரர் | ஜனவரி 6

மூன்று இடத்தில். முதலில் ஓட்டையே எடுத்துக்கொள்வோம்.

டர்க்காய்ஸ் என்பது தாமிரம். ஆனால் தாமிரம் எந்தக் கிளேஸில் கரைகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஈயம் மிகுந்த கிளேஸில் புல் பச்சை. போரான் ஏறினால் பச்சை கலந்த நீலம். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த காரக் கிளேஸில்தான் நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த நிறம் வரும். சிக்கல் என்னவென்றால், காரக் கிளேஸ் ஆறும்போது மிகுதியாகச் சுருங்கும். செம்மண் ஓடு அவ்வளவு சுருங்காது. கிளேஸ் இழுபட்டு மயிரிழையாக வெடிக்கும். சூளையிலிருந்து எடுக்கும்போது சுத்தமாக இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே வெடிப்பதும் உண்டு.

ஈரானிலும் துருக்கியிலும் உயர்ந்த ரக ஓட்டுக்குக் களிமண்ணை விட்டுக் குவார்ட்ஸுக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு. குவார்ட்ஸ் உடலும் (கிளேஸுக்கு அடியிலுள்ள ஓட்டுப்பொருள்) ஆறும்போது நன்றாகச் சுருங்கும், கிளேஸோடு சேர்ந்து போகும். அடித்தளமும் வெள்ளையாகக் கிடைக்கும், நிறம் பளிச்சென்று தெரியும். செம்மண்மேல் அதே கிளேஸை ஊற்றினால், மண்ணிலுள்ள இரும்பு மேலேறி நீலத்தை மங்கலாக்கும், பச்சைப் பக்கம் தள்ளும்.

எனவே நிறத்தை முடிவு செய்த கையோடு உடலையும் முடிவு செய்தாக வேண்டும். ஓட்டை வாங்கிவிட்டு அப்புறம் நிறம் தேடுவது தலைகீழ் வேலை.

கோணமட்டம் | ஜனவரி 7

இன்னொன்று. நீங்கள் கேட்பது இஸ்னிக்கே இல்லை. இஸ்னிக் ஓடு பெரும்பாலும் 24-25 செ.மீ. சதுரம், வெள்ளைப் பூச்சின்மேல் நிறத்தைத் தீட்டி, அதன்மேல் நிறமற்ற கிளேஸ். அங்கே டர்க்காய்ஸ் என்பது அடியில் தீட்டிய நிறம். துலிப், கார்னேஷன், ரம்பப்பல் இலை எல்லாம் அந்த வகை. இஸ்தான்புல் சுலைமானியே பள்ளிவாசலில் 1550-களில் தலைகாட்டிய அந்தத் தடித்த சிவப்பும் அதே குடும்பம்.

நட்சத்திரமும் சிலுவையும் ஈரானின் காஷான் பட்டறைகளின் சரக்கு. அதே நாட்டு வராமினில் இமாம்ஸாதா யஹ்யா அடக்கத்தலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன 1262-63 ஆண்டு ஓடுகள் இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. நட்சத்திரம் ஒவ்வொன்றும் சுமார் 31 செ.மீ. அதே காலத்துச் சுவர்களில் நட்சத்திரத்துக்கு லஸ்டர் (உலோகம்போல் மின்னும் பூச்சு) பொன்னிறமும் சிலுவைக்கு டர்க்காய்ஸும் போட்டிருப்பதைக் காணலாம். நீங்கள் அதைத் திருப்பிப் போடுகிறீர்கள். தாராளமாகப் போடலாம், இஸ்னிக் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சூளைக்காரர் | ஜனவரி 7

சரி, காஷான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஊர்ப் பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காஸிம் 1301-இல் கலவையை எழுதி வைத்திருக்கிறார்: குவார்ட்ஸ் பொடி 10 பங்கு, கண்ணாடி ஃபிரிட் (உருக்கி ஆறவைத்துப் பொடித்த கண்ணாடி) 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. இன்றைக்கும் தொடங்குவதற்கு நல்ல அளவு.

கையில் எடுத்தால் மண் மாதிரி இருக்காது, ஈர மணல்தான். சக்கரத்தில் ஏறாது, உருட்டினால் ஓரம் பிளக்கும். அச்சில் அழுத்திச் செய்ய வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பிசின் நீர் விடலாம். 2 சதவீதம் பென்டோனைட் (ஒட்டும் தன்மை மிகுந்த களிமண்) சேர்த்தால் சுடாத ஓட்டைத் தூக்கும்போது முனை உடைவது குறையும். 12 மி.மீ. கனம் வையுங்கள். கம்பித் தட்டில் வைத்து இரண்டு பக்கமும் காற்று படும்படி காயவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் முனைகள் மேலே தூக்கும், நட்சத்திரத்துக்கு முனை எட்டு என்பதை மறக்க வேண்டாம்.

கிளேஸ்: சோடியம் மிகுந்த ஃபிரிட் 85, கயோலின் (வெள்ளைக் களிமண்) 15, அதன்மேல் காப்பர் கார்பனேட் 3. கயோலின் ஏற ஏற நிறம் பச்சைக்குத் திரும்பும். ஈயமில்லாத ஃபிரிட் போதும். சுவரில் யாரும் சாப்பிடப் போவதில்லை என்று ஈயத்தை எடுக்காதீர்கள், தூளும் சூளைப் புகையும் செய்கிறவர் நுரையீரலுக்குத்தான் போகும். குவார்ட்ஸ் பொடியும் அப்படியே. உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கலக்கும்போது தூசி முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தூசி முகமூடி ஆகாது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் குறுக்கு வழி ஒன்று: டால்க் (மாக்கல் பொடி) கலந்த வெள்ளை உடலில் செய்த பிஸ்க் ஓடு. குறைந்த வெப்பக் கிளேஸ் வெடிக்காமலிருக்கத்தான் டால்க்கையே சேர்க்கிறார்கள். வெடிப்பு முற்றிலும் நிற்காது, வெகுவாகக் குறையும்.

நீலக்கல் | ஜனவரி 8

ஆத்தங்குடி ஓட்டில் இதே கோலத்தைப் போட்டுவிட்டால் சூளையே வேண்டாமே? பளபளப்பும் இருக்கிறது.

கோணமட்டம் | ஜனவரி 8

ஆத்தங்குடி ஓடு சிமெண்ட். சூளை முகமே பார்க்காதது. கண்ணாடித் தகட்டின்மேல் நிறச் சாந்தை ஊற்றி வார்ப்பதால் அந்த வழவழப்பு வருகிறது, கிளேஸ் எதுவும் கிடையாது. தரைக்கு அருமை, மிதிக்க மிதிக்க மெருகேறும். சுவரில் யார் மிதிப்பார்கள்?

சூளைக்காரர் | ஜனவரி 8

பல்லி.

கோணமட்டம் | ஜனவரி 11

இப்போது கணக்கு. இரண்டு சதுரங்களை 45 டிகிரி திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எட்டு முனை நட்சத்திரம். சதுரத்தின் பக்கம் ‘ப’ என்றால் முனைக்கு எதிர்முனை 1.414 ப. நட்சத்திரங்கள் முனையோடு முனை தொட்டு நிற்பதால் ஒரு கட்டத்தின் அளவும் அதுவே.

முதலில் ஓட்டின் அளவை முடிவு செய்துவிட்டுச் சுவரை நிரப்பப் போனால் ஓரத்தில் முக்கால் நட்சத்திரம் தொங்கும். சுவரிலிருந்து உள்ளே வாருங்கள். 240-ஐ 16 ஆகவும் 120-ஐ 8 ஆகவும் பிரித்தால் கட்டம் 15 செ.மீ. அப்படியானால் ப = 10.6. மொத்தம் 128 நட்சத்திரம். உள்ளே முழுச் சிலுவை 105, ஓரங்களில் அரைச் சிலுவை 44, நான்கு மூலையிலும் கால் சிலுவை. பரப்பில் நட்சத்திரம் சுமார் 59 சதவீதம், சிலுவை 41. கண்ணாடி வாங்கும்போது இந்த 41 உதவும். வெட்டுச் சேதத்துக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு விளிம்பிலும் 1 மி.மீ. உள்ளே இழுக்க வேண்டும். எனவே முடிந்த ஓட்டில் ப = 10.4.

அச்சு அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். களிமண் உடல் மொத்தம் 8 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.4-ஐ 1.08 ஆல் பெருக்கினால் 11.23 வரும்; அது தவறு. 0.92 ஆல் வகுக்க வேண்டும், 11.30 வரும். முக்கால் மி.மீ.தானே என்று தோன்றும். 16 ஓடு வரிசையில் நிற்கும்போது ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்து, கிரவுட் (இடைவெளியை அடைக்கும் சாந்து) கோடெல்லாம் தடித்து, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். முனை தொடாவிட்டால் இந்தக் கோலமே இல்லை.

குவார்ட்ஸ் உடல் மிகக் குறைவாகவே சுருங்கும். எவ்வளவு என்பதை உங்கள் கலவையில்தான் அளக்க வேண்டும்: பட்டை ஒன்று அழுத்தி, ஈரத்திலேயே 10 செ.மீ. கோடு கீறி, சுட்ட பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். கிளேஸ் சூட்டையும் சேர்த்து அளக்க வேண்டும், பிஸ்கோடு நிறுத்தக் கூடாது.

நீலக்கல் | ஜனவரி 12

பத்து முனை போட்டால்? அதுதான் இன்னும் கம்பீரமாக இருக்கிறது.

கோணமட்டம் | ஜனவரி 12

கம்பீரம்தான், உங்கள் சுவருக்கு ஒத்துவராது. பத்து முனைக் கோலங்களில் பலவற்றின் மீள்கட்டம் (திரும்பத் திரும்ப வரும் கட்டம்) சதுரமாக இராது, 1-க்கு 0.7265 விகிதத்தில் செவ்வகமாக வரும். 2-க்கு 1 சுவரில் முழு எண்ணாக உட்காராது, அகலமான கரை போட்டு மிச்சத்தை விழுங்க வேண்டியிருக்கும்.

போடுவதென்றால் ஐந்து வடிவ முறையைப் பிடியுங்கள்: பத்துக்கோணம், ஐங்கோணம், நீள் அறுகோணம், போ-டை வடிவம், சாய்சதுரம். எல்லாவற்றுக்கும் பக்க நீளம் ஒன்றே. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் கோடுகள் பக்கத்தோடு 54 டிகிரியில் வெட்டும். வடிவங்களை அடுக்கினால் கோடுகள் தாமாகவே ஓடிச் சேரும், பிறகு வடிவத்தை அழித்துவிட்டுக் கோட்டை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இஸ்ஃபஹானில் தர்ப்-இ இமாம் அடக்கத்தலத்தின் 1453-ஆம் ஆண்டுச் சுவரை இப்படிப் பிரித்துக் காட்டி 2007-இல் இயற்பியலாளர்கள் பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் எழுதியது பெரிய பேச்சானது. அதைப் பேசத் தொடங்கினால் உங்கள் சுவர் அடுத்த வருஷம்தான் முடியும்.

கண்ணாடிப்பட்டறை | ஜனவரி 13

இவ்வளவு நேரம் ஓட்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சிலுவையை யாராவது கண்ணாடியில் வெட்டிப் பார்த்தீர்களா?

சிலுவைக்கு நான்கு உள்மூலைகள், நான்கும் நேர்கோணம். கைக் கட்டரில் உள்மூலை வெட்டவே முடியாது. கீறல் மூலைக்கு வந்ததும் விரிசல் நேராக ஓடித் துண்டைப் பிளந்துவிடும். வாட்டர்ஜெட்டில் (உயர் அழுத்த நீரால் வெட்டும் இயந்திரம்) வெட்டலாம், 105 துண்டுக்கு விலை கேட்டால் டர்க்காய்ஸ் முகத்தில் வரும்.

சிலுவையை ஐந்தாகப் பிரியுங்கள். நடுவில் 4.4 செ.மீ. சதுரம் ஒன்று. நான்கு பக்கமும் கூரை வைத்த வீடு மாதிரி ஐங்கோணம்: அடி 4.4, சுவர் 3.1, கூரைச் சரிவு 3.1, உச்சி நேர்கோணம். கோணமட்டத்தின் 15 செ.மீ. கட்டத்துக்கு இந்த அளவு சரியாகப் பொருந்தும். இடைவெளிக்கான 1 மி.மீ. கழிவு தனி. எல்லாமே குவிந்த வடிவம், நேர்க்கோட்டு வெட்டு மட்டும். முதலில் 4.4 அகலப் பட்டையாகக் கீறிக்கொண்டால் சதுரமும் வீடும் ஒரே பட்டையிலிருந்து விழும். கட்டர் சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரே அழுத்தம், ஒரே ஓட்டம். கீறிய கோட்டின்மேல் இரண்டாம் முறை கீறினால் சக்கரமும் போகும், வெட்டும் கோணும். விளிம்பை 220 வைரப் பட்டையால் ஈரத்தில் தேய்த்து விடுங்கள். கடையில் கண்ணாடி வாங்கும்போது டஃபன் செய்ததா (சூடாக்கி வலுவேற்றியதா) என்று கேளுங்கள். அதை வெட்டப் போனால் தூளாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது நிறம். ஒளி ஊடுருவும் வண்ணக் கண்ணாடியைச் சுவரில் ஒட்டினால் இருண்டுபோகும். கெய்ரோவிலும் சனாவிலும் ஜிப்சம் பலகையைக் குடைந்து வைத்த கண்ணாடி ஜொலிப்பது பின்னாலிருந்து வரும் வெயிலால். சுவருக்குப் பின்னால் வெயில் கிடையாது. டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலிலும் ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்திலும் கண்ணாடிச் சில்லுகள் சுவரில் எப்படி மின்னுகின்றன என்றால், ஒளி ஊடுருவாத நிறக் கண்ணாடியும், பொன் இலையை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்த சில்லும் சேர்த்ததால். பொன் சில்லைச் சற்றுச் சாய்த்துப் பதித்தால் கீழே நிற்பவர் கண்ணுக்கு ஒளி திரும்பும்.

ஆக உங்களுக்கு மூன்று வழி: ஒளி ஊடுருவாத கண்ணாடி, பின்புறம் எனாமல் (சூட்டில் உருகி ஒட்டும் கண்ணாடிச் சாயம்) பூசி 600 டிகிரி அருகில் சுட்ட கண்ணாடி, வெள்ளைப் பசைமேல் வெளிர்நிறக் கண்ணாடி. பின்புறம் வெறும் பெயிண்ட் அடித்துச் சிமெண்ட் பசையில் ஒட்டுவது நான்காவது வழி. பசை பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் கண்ணாடியை விடும், சிலுவை கீழே விழும்.

நீலக்கல் | ஜனவரி 14

நடுச்சதுரத்துக்கு மட்டும் முகக்கண்ணாடி போட்டால்? லாகூர் ஷீஷ் மஹால் மாதிரி?

கண்ணாடிப்பட்டறை | ஜனவரி 14

அழகு. ஆனால் சிமெண்டின் காரம் ரசத்தைத் தின்னும். ஓரத்திலிருந்து கறுப்பு ஏறும். புளித்த வாடை வரும் சிலிகானும் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகான்தான். ஈரானிலும் லாகூரிலும் கண்ணாடிச் சில்லை ஜிப்சத்தில் பதித்தார்கள், அதில் சிமெண்டின் காரம் கிடையாது. நடுச்சதுரத்தின் இடத்தைக் காலியாக விட்டு, கிரவுட் எல்லாம் முடிந்து காய்ந்தபிறகு கடைசியாக ஒட்டுங்கள்.

சூளைக்காரர் | ஜனவரி 15

முதல் நாள் மூன்று இடம் என்றேன், இரண்டாவதைத் தொடவே இல்லை. ஜிப்சம் பூச்சின்மேல் சிமெண்ட் பசை நேராகப் படக்கூடாது. ஈரத்தில் இரண்டும் வினைபுரிந்து இடையில் ஊதும் உப்பு ஒன்று உருவாகும், ஓடு பசையோடு பத்தையாகப் பெயரும். பெயர்ந்த ஓட்டின் பின்னால் பசை முழுதாக ஒட்டியிருக்கும், அதன்மேல் வெள்ளைத் தூள் படலம்; அதைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

எடைக் கணக்கும் உண்டு. ஜிப்சம் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 20 கிலோ என்பதுதான் பொதுவாக வைக்கும் வரம்பு. உங்கள் செராமிக் 10 மி.மீ. கனத்துக்குச் சுமார் 20 கிலோ, பசை 5 கிலோ, 12 மி.மீ. என்றால் இன்னும் கூடும். கண்ணாடி மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ, அதாவது 6 மி.மீ.க்கு 15. வரம்பிலேயே நிற்கிறது, தாண்டியும் போகிறது. பிரைமர் அடித்துச் சமாளிப்பதைவிட அந்த 2.88 சதுர மீட்டரில் ஜிப்சத்தைச் செங்கல்வரை கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு போடுங்கள். 2 மீட்டர் மட்டக்கோல் வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரியக் கூடாது. கண்ணாடி பள்ளத்தை மன்னிக்காது, விளக்கொளியில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசை பார்க்கும்.

கோணமட்டம் | ஜனவரி 18

பதிக்கும் முறை. செராமிக் 12 மி.மீ., கண்ணாடி 6. நேராகச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டினால் முகம் ஒரே மட்டத்தில் வராது. குப்புறப் போடுங்கள்.

60 × 60 பலகை எட்டு. ஒவ்வொன்றிலும் 16 நட்சத்திரம். வரைபடத்தின்மேல் பிரவுன் பேப்பர், அதில் மைதாப் பசை, துண்டுகளை முகம் கீழாக ஒட்டுங்கள். பலகையின் எல்லையில் வரும் சிலுவைகளை ஒட்டாமல் விடுங்கள்; சுவரில் பலகைகள் நின்றபிறகு கையால் பதித்தால் பலகைச் சேர்ப்பு கண்ணுக்கே தெரியாது. நேர்க்கோட்டில் பலகையை முடித்தால் ஹால் கடைசியிலிருந்து பார்க்கிறவர்கூட அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்.

பேப்பரில் ஒட்டியதும் கண்ணாடியின் முதுகை வெள்ளைப் பசையால் செராமிக் மட்டத்துக்கு நிரப்பி, இறுகவிட்டு, அப்புறம் சுவருக்குக் கொண்டுபோங்கள். சுவரில் பல் கரணையால் பசை இழுத்தபிறகு தட்டைப் பக்கத்தால் அந்த வரிகளைச் சமப்படுத்திவிட வேண்டும். பசை இறுகத் தொடங்கியதும், முழுதும் காயும் முன், பேப்பரை வெந்நீரில் நனைத்து, சுவரை ஒட்டியவாறே இழுங்கள். எதிரே நின்று இழுத்தால் ஓடும் சேர்ந்து வரும்.

மேலே வாசகப் பட்டை எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். குப்புறப் போடும்போது வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், அரபு எழுத்துக்கு அப்படியில்லை. பேப்பரை உரித்தபிறகு திருகிய வாசகத்தைப் பார்த்து யாரும் பாராட்டியதாகக் கேள்விப்படவில்லை. மேலும் கீழுமாகப் பின்னிப்போகும் கோடுகளும் இப்படியே திரும்பிவிடும்.

நீலக்கல் | ஜனவரி 19

மொரோக்கோவின் ஸெல்லீஜ் ஓட்டுச் சுவரில் இடைவெளியே தெரிவதில்லை. நானும் 2 மி.மீ. விடாமல் நெருக்கி வைத்தால்?

கோணமட்டம் | ஜனவரி 19

ஃபெஸ் நகரில் அதை அச்சில் அழுத்துவதில்லை. 10 செ.மீ. சதுர ஓட்டைக் கிளேஸ் பூசிச் சுட்ட பிறகு, கனமான கூர்முனைச் சுத்தியலால் ஒவ்வொரு துண்டையும் கொத்தி எடுப்பார்கள். கொத்தும்போதே விளிம்பை உள்ளே சரித்துவிடுவார்கள், முகம் பெரிது, முதுகு சிறிது. அதனால் முகத்தில் கிளேஸோடு கிளேஸ் முட்டும், பின்னால் ஆப்பு வடிவப் பள்ளத்தில் சாந்து இறங்கிப் பிடித்துக்கொள்ளும். குப்புற அடுக்குவதும் அவர்கள் வழக்கம்தான். அந்நகரின் பூ இனானிய்யா மதரஸாவில் 1350-களில் பதித்த சுவர் அப்படி நிற்கிறது. அச்சு ஓட்டுக்கு விளிம்பு செங்குத்து. நெருக்கினால் சாந்து இறங்க இடமில்லை, சிறு அளவு வித்தியாசத்தை ஏற்கவும் இடமில்லை. ஐந்தாவது ஓட்டிலேயே வரிசை கோணும்.

சூளைக்காரர் | ஜனவரி 27

நீலக்கல்லின் சோதனை ஓட்டுப் படம் பார்த்தேன். பச்சையடித்திருக்கிறது. உடல் வெள்ளை, ஆகவே இரும்பு காரணமில்லை. ஃபிரிட் பையைப் பாருங்கள், போரான் ஃபிரிட்டாக இருக்கும். கீழே தடித்து வழிந்திருப்பது 1000 டிகிரியால், நான் சொன்ன மூன்றாவது இடம் அதுதான்; 940-க்கு இறக்கி, கடைசிச் சூட்டில் 15 நிமிடம் நிறுத்துங்கள்.

மயிரிழை தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பேனா மையைத் தடவித் துடைத்தால் வலை தெரியும். கொஞ்சம் தெரிந்தாலும் உள்சுவருக்குப் பரவாயில்லை, பழைய ஓடுகளிலும் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட ஓட்டில் கறுப்புக் கிரவுட் போட்டால் சாயம் வெடிப்புக்குள் இறங்கிவிடும், பிறகு எந்த அமிலத்தாலும் வராது. கிரவுட்டுக்கு முன்பே சீலர் ஒரு கை பூசுங்கள். நிறம் வெளிர் சாம்பல் அல்லது ஜிப்சம் வெள்ளை.

கண்ணாடிப்பட்டறை | ஜனவரி 28

கிரவுட் மணல் இல்லாததாக இருக்கட்டும், மணல் கண்ணாடியைக் கீறும். செராமிக் மட்டும் என்றால் பதித்த மறுநாளே கிரவுட் போடலாம். கண்ணாடி ஈரம் உறிஞ்சாது, பசையின் நீர் இடைவெளி வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். 3 நாள் விடுங்கள். அவசரப்பட்டு அடைத்தால் கண்ணாடிக்குப் பின்னால் திட்டுத் திட்டாக ஈரக்கறை நிற்கும்.

நீலக்கல் | பிப்ரவரி 2

நான்கு ஓரத்திலும் கிரவுட்டையே அடைத்துவிடலாமா? கொத்தனார் அதுதான் சுத்தம் என்கிறார்.

கோணமட்டம் | பிப்ரவரி 2

வேண்டாம். சுற்றிலும் 5 மி.மீ. விட்டு, கிரவுட் நிறத்திலேயே நியூட்ரல் சிலிகான். உங்கள் பதிப்பு பசையோடு 70 கிலோ வரும், சுவர் அசையும்போது அதற்கும் அசைய இடம் வேண்டும். அடைத்துவிட்டால் அழுத்தம் முதலில் தாக்குவது மூலையிலுள்ள கால் சிலுவையை, அது கண்ணாடி. சிலிகான் பூசும் முன் இருபுறமும் காகித டேப் ஒட்டுங்கள், பூசி விரலால் இழுத்ததும், தோல் படியும் முன் டேப்பை உரித்துவிடுங்கள்.